மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பதற்கு முன்

சூப்பர் மார்க்கெட்டில் ஷாம்பு அலமாரி முன்னால் நிற்பவர்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பாருங்கள். இப்படியும் அப்படியும் ஒரு பார்வை. யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் 'டிக்' என்று மூடி திறக்கும், பாட்டில் லேசாக அமுங்கும், மூக்கருகே போகும். முகம் மலர்ந்தால் பாட்டில் கூடைக்குள். நானும் பல வருடம் இப்படித்தான் வாங்கினேன். அப்படிக் கடைசியாக மாட்டியது பச்சை ஆப்பிள் வாசனையில் ஒரு பெரிய பாட்டில். குளியலறை பழத்தோட்டம் மாதிரி மணக்கும், தலை மட்டும் பழைய தென்னந்துடைப்பம் மாதிரி நிற்கும்.

பரட்டை முடிக்காரர்கள் வாசனை ஷாம்பு பக்கமே போகக் கூடாது என்று சொல்ல வரவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு வரும்போது கூடவே வருகிற மணத்துக்காகவே குளிக்கிறவள் நான். ஆனால் முடி படிவது ஒரு பரீட்சை, வாசனை இன்னொரு பரீட்சை. கடையில் மூடியைத் திறக்கும்போது இரண்டாவதை மட்டும், அதையும் அரைகுறையாக, நடத்திவிட்டு வந்துவிடுகிறோம். இரண்டையும் வீட்டிலேயே, அதிகச் செலவில்லாமல் நடத்திப் பார்க்கலாம். நான் இருப்பது திருவான்மியூர். கடல் நடந்துபோகும் தூரம், குழாயில் வருவது போர் தண்ணீர். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் இதில் பாதிக் கஷ்டம் இருக்காது, பொறாமையோடு சொல்கிறேன்.

முதலில், அது பரட்டைதானா?

ஒரு முடி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால், வேரிலிருந்து நுனியை நோக்கி ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி செதில்கள் அடுக்கியிருக்கும். ஓடு ஒழுங்காகப் படிந்திருக்கிற வரை கவலையில்லை. வெயில், சாயம், சூடான ஸ்ட்ரெய்ட்னர், வறட்டுத் தலையை அழுத்திச் சீவுவது எல்லாம் ஓட்டைப் பெயர்த்துவிடும். உள்ளே இருப்பது கெரட்டின் என்ற புரதம். காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் நுழைந்தால், காய்ந்தபோது முடியை ஒரு வடிவத்தில் பிடித்துவைத்திருந்த ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போய் வேறு இடத்தில் பிடித்துக்கொள்ளும். இஸ்திரி போட்ட காட்டன் சட்டை மழைக்காற்றில் கசங்கிப்போவதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு இழையும் தன் இஷ்டத்துக்கு வளைந்தால் மொத்தத் தலையும் உப்பிக்கொண்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் பார்க்கலாம்.

பறக்கிற முடியெல்லாம் ஒரே ரகமல்ல. நெற்றியோரத்திலும் வகிட்டிலும் மட்டும் குட்டி குட்டியாக நிற்கிறதா? அது புதிதாக முளைப்பது, இல்லாவிட்டால் இறுக்கிப் பின்னி உடைந்தது. எந்த ஷாம்பு போட்டாலும் அது வளர்ந்துதான் படியும். அவசரத்துக்கு விரல்நுனியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். தலை முழுக்க உப்புகிறதென்றால் ஒரு விடுமுறை நாளில் இதைச் செய்து பாருங்கள். தலைக்குக் குளித்து, கண்டிஷனர் போட்டு, ஈரத்திலேயே சிக்கெடுத்துவிட்டு, அப்புறம் சீப்பும் கையும் படாமல் காயவிடுங்கள். காய்ந்ததும் அலை அலையாக வளைவு தெரிந்தால் உங்களுடையது அலைமுடி. காய்ந்தபின் சீவிச் சீவி அதைப் பரட்டையாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயரே பரட்டை. தினமும் காலையில் அம்மா நெருக்குப் பல் சீப்பால் அழுந்த வாரிவிட்டதன் பலன்.

கிளாஸ் தண்ணீரில் ஒரு முடியைப் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்துத் தலையெழுத்து சொல்லும் சோதனை ஒன்று ஊரெல்லாம் சுற்றுகிறது. அதை விட்டுவிடுங்கள். கொஞ்சம் எண்ணெய் ஒட்டியிருந்தால் எந்த முடியும் மிதக்கும்.

தண்ணீரைப் பார்க்காமல் ஷாம்பைத் திட்டாதீர்கள்

வாளியின் உள்பக்கம் வெள்ளை வளையம், குழாய் முனையில் சுண்ணாம்பு, ஷவரில் பாதித் துளை அடைப்பு. இதெல்லாம் இருந்தால் உங்கள் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். நாம் 'உப்புத் தண்ணீர்' என்று சொல்வதில் பெரும்பாலும் இதுவும் அடக்கம். உறுதி செய்துகொள்ள ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சோப்புக் கட்டியிலிருந்து சுரண்டிய சீவல் கொஞ்சம் போட்டுக் குலுக்குங்கள். நுரை எழும்பாமல் தயிர் திரிந்த மாதிரி வெள்ளையாக மிதந்தால் கடினத் தண்ணீர். இந்தச் சோதனைக்கு ஷாம்பு உதவாது. அது கடினத் தண்ணீரிலும் நுரைத்து உங்களை ஏமாற்றிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்திடம் தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு இருக்கும், கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம் என்கிறது.

திரிந்து மிதக்கிற அந்த வெள்ளைதான், குளியல் சோப்பையே தலைக்கும் போடுகிறவர்கள் முடியில் படிகிறது. போதாக்குறைக்கு சோப்பின் pH (அமிலமா காரமா என்று சொல்லும் அளவு, 7-ஐத் தாண்டினால் காரம்) 9, 10 என்று இருக்கும். செதில்களைத் தூக்கிவிட அதுவே போதும். முடிக்குப் பிடித்தது லேசான அமிலம், 5.5-ஐ ஒட்டி. ஆகவே தலைக்கு சோப்பு வேண்டாம். வீட்டில் தாத்தாவிடமும் சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டார்.

தண்ணீரை மாற்ற முடியாதவர்கள் கடைசி அலசலை மட்டும் மாற்றலாம். மூன்று லிட்டர் நல்ல தண்ணீர் போதும். மெட்ரோ வாட்டர், கேன் தண்ணீர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர் எதுவானாலும் சரி. ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிந்துபோகிற கழிவுத் தண்ணீரை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். குழாயில் வந்ததைவிட அதில் உப்பு அதிகம். சிக்கனம் என்று நினைத்து நான் ஒரு மாதம் அதில் அலசினேன்.

பாட்டில் வேண்டாம், பாக்கெட்டில் தொடங்குங்கள்

பரிசோதனைக்கு சாஷே பாக்கெட்டைப் போல வசதியானது வேறில்லை, அது நம் ஊர்ச் சரக்கும்கூட. ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்துச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்ததில் கடலூர் சின்னிகிருஷ்ணனுக்கும் அவருடைய வெல்வெட் ஷாம்புவுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொடங்கியதுதான் சிக் ஷாம்பு. கெவின்கேர் நிறுவனத்தின் ஆரம்பம் அது. சிக் பாக்கெட்டுகளில் மல்லிகை, ரோஜா வாசனை வந்தபோது ஊரே வாங்கியது. எங்கள் பாட்டி வீட்டுக் கிணற்றடியில் கிழித்துப்போட்ட பாக்கெட்டிலிருந்து மறுநாளும் மல்லி மணக்கும். சீயக்காயிலிருந்து தலைமுறையையே இழுத்துக்கொண்டுபோனது நுரை மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை, அந்த மணத்துக்கும் பங்கு உண்டு.

சரி, வாங்குவோம். ஷாம்பு ஒரே ஒரு வகை, கண்டிஷனர் இரண்டு வகை. ஒவ்வொன்றிலும் நான்கைந்து பாக்கெட். கண்டிஷனர் பாக்கெட்டாகக் கிடைக்காவிட்டால் இருப்பதிலேயே சின்ன ட்யூப். ஷாம்புவையும் கண்டிஷனரையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. புதிதாக முயல்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. ஒன்றை மாற்றினால் அடுத்த மூன்று தலைக்குளியல் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், கண்டிஷனரில் என்பேன். ஷாம்பு தலையில் ஒரு நிமிடம் இருந்து சாக்கடைக்குப் போகிறது. பரட்டையை அடக்குவதில் பெரிய வேலை கண்டிஷனருடையது.

பின்பக்கத்து எறும்பு எழுத்து

சாஷேயின் பின்னால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுதுவார்கள். ஒரு சதவீதத்துக்கும் கீழே உள்ளவை மட்டும் எப்படி வேண்டுமானாலும் வரும். முன்பக்கத்தில் ஆர்கன் எண்ணெய் படம் பெரிதாக இருந்து, பின்பக்கத்தில் அது வாசனைப்பொருளுக்கும் பின்னால் ஒளிந்திருந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே புரியும்.

ஷாம்புவில் தண்ணீருக்கு அடுத்து பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட் இருக்கும். நுரையும் அழுக்கு நீக்கமும் அதன் வேலை. 'சல்பேட் இல்லாதது' என்றால் உடனே உயர்ந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரம் ஒருமுறை கிண்ணம் நிறைய எண்ணெய் வைத்துக் குளிக்கிற தலைக்கு அந்த மென்மையான ஷாம்பு காணாது. இரண்டு தடவை, மூன்று தடவை போட்டுத் தேய்த்து முடியைச் சிக்காக்கிக்கொள்வீர்கள். எண்ணெயே வைக்காதவர், சாயம் போட்டவர், இரண்டு நாளைக்கு ஒருமுறை குளிப்பவர் அதற்குப் போகலாம்.

கண்டிஷனரில் பார்க்க வேண்டியது வேறு. முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு, அடிபட்ட இடங்களில் அது இன்னும் கூடுதல். கண்டிஷனரில் இருக்கும் பிஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு போன்றவை நேர்மின்னேற்றம் கொண்டவை. எங்கே அடி பலமோ அங்கே தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் முழுக்கப் போகாது. கூடவே செட்டில் ஆல்கஹால், செட்டியரில் ஆல்கஹால் என்று இருக்கும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இவை மெழுகு மாதிரியான கொழுப்புப் பொருள், முடியை வழுவழுப்பாக்கும். டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் எல்லாம் சிலிக்கோன் வகை. கடற்காற்றில் பறக்கும் முடிக்கு இவைதான் நல்ல மேல்பூச்சு. சிலிக்கோன் முடியை மூச்சடைக்க வைக்கும் என்பார்கள். முடி மூச்சே விடுவதில்லை. வேரிலிருந்து வெளியே வந்த இழை உயிரற்றது. படிவு சேர்ந்து பிசுக்குத் தட்டினால் மாதம் ஒருமுறை கண்டிஷனர் குணம் எதுவும் சேராத சாதாரண ஷாம்பு போட்டால் போய்விடும்.

கிளிசரின் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள் அது. அலசிவிடுகிற கண்டிஷனரில் இருந்தால் பெரிய பிரச்சினையில்லை. அலசாமல் தலையிலேயே விடுகிற க்ரீம், சீரத்தில் முதல் நான்கைந்து பெயருக்குள் இருந்தால் கடலோர ஊர்க்காரர்கள் யோசியுங்கள். புழுக்கமான நாளில் தலை இன்னும் உப்பும்.

மூக்குக்கு நான்கு வேளை

இனி வாசனைக்கு வருவோம். கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்ற பழைய வழக்கை நக்கீரரிடமே விட்டுவிடுவோம், நம்முடையது செயற்கை மணம். மூடியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறுவது, அந்த வாசனைக் கலவையில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி. எலுமிச்சை, ஆரஞ்சு, ஆப்பிள் வகையெல்லாம் அதில் சேர்த்தி. தலை காய்வதற்குள் அது பறந்துபோயிருக்கும். மறுநாள் வரை தங்குவது கனமான பகுதி: சந்தனம், வெனிலா, கஸ்தூரி வகை. அதனால் கடையில் நீங்கள் முகர்ந்ததும் மறுநாள் உங்கள் தலையணையில் இருப்பதும் ஒரே வாசனையாக இருக்காது.

நான் நான்கு முறை முகர்ந்து பார்த்துக் குறித்துக்கொள்வேன். குளிக்கும்போது நுரையில் ஒன்று. முடி முழுக்கக் காய்ந்ததும் ஒன்று. மாலையில் வீடு திரும்பி வியர்வையோடு ஒன்று. மறுநாள் காலை தலையணை உறையில் ஒன்று. மூன்றாவதில்தான் நிறைய ஷாம்பு தோற்கும். இனிப்பான பழ வாசனையும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால், மூடிவைத்த டிபன் பாக்ஸை மறுநாள் திறந்த மாதிரி ஒரு நெடி வரும். என்னைப் பொறுத்தவரை வியர்வையோடு சண்டை போடாதது சந்தனமும் லேசான மரவாசனையும். பூ வைக்கிற வழக்கம் உள்ளவர்கள் அதையும் கணக்கில் எடுங்கள். ரோஜா கண்டிஷனர், பின்னலில் மல்லிச்சரம், மேலே சாம்பிராணிப் புகை என்று மூன்றும் சேர்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலிதான்.

ஷாம்புவைவிடக் கண்டிஷனரின் வாசனை அதிக நேரம் தங்கும், அதன் ஒரு பங்கு முடியோடு ஒட்டியே இருப்பதால். ஆகவே இரண்டும் வெவ்வேறு வாசனை என்றால் கடைசியில் ஜெயிப்பது கண்டிஷனர். ஷாம்பு வாசனைக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம்.

முழங்கை மடிப்பில் ஒரு துளி

இதைத் தாண்டிக் குதிக்காதீர்கள். வாசனைப் பொருள் ஒவ்வாமை அபூர்வமான விஷயமல்ல. கண்டிஷனரில் ஒரு துளியை முழங்கையின் உள்மடிப்பில் தடவி, தலையில் எவ்வளவு நேரம் விடுவீர்களோ அவ்வளவு நேரம் விட்டுக் கழுவுங்கள். ஒரு வாரம் தினமும் செய்யுங்கள். சிவந்தால், அரித்தால், அந்தச் சரக்கு உங்களுக்கு இல்லை. தலையில் போட்ட பிறகு வரும் ஒவ்வாமை தலையில்தான் தெரியும் என்றும் இல்லை. அலசிய தண்ணீர் வழிந்த இடங்களில், காதுக்குப் பின்னால், பிடரியில், கண் இமையில் தடிப்பாக வரும். பலர் அதை வெயில் கொப்புளம் என்றோ புது நகை ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

நம் ஊர்ப் பாட்டில்களில் பெரும்பாலும் 'பெர்ஃப்யூம்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களை, அலசிவிடும் சரக்கில் 0.01 சதவீதத்தைத் தாண்டினால் தனித்தனியாகப் பெயர் சொல்ல வேண்டும் என்ற விதி இருந்தது. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டிவிட்டார்கள். இறக்குமதிப் பாட்டிலில் லினலூல், லிமோனீன், ஜெரனியால், சிட்ரோனெல்லால் என்று வரிசையாக இருந்தால் அது அதிக ரசாயனம் போட்டது என்று அர்த்தமில்லை, வெளியே சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். தோல் மருத்துவர் உங்களுக்கு எது ஆகாது என்று சோதித்துச் சொல்லியிருந்தால் இப்படிப்பட்ட பாட்டில்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. 'இயற்கை மணம்' என்று போட்டிருப்பதும் தப்பிக்க வழியல்ல. லினலூல் லாவெண்டர் எண்ணெயிலேயே இருக்கிறது. வீட்டில் ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர் இருந்தால் அவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தலைக்குக் குளிக்கும் நாள்

குளியலறைக்குள் போகும் முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். பெரிய பல் சீப்பு, நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கி. உச்சியிலிருந்து ஒரே இழுப்பில் இறக்குவது நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருகிற வன்முறை.

முடியை நன்றாக நனையுங்கள். வாளியில் மக்கால் மொண்டு ஊற்றுபவர்கள் ஐந்தாறு மக் ஊற்றினால்தான் உள்முடி நனையும். ஷாம்புவை அப்படியே உச்சியில் கொட்டாமல், ஒரு மக்கில் கால்பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொள்ளுங்கள். பரட்டை முடியில் அது சீராகப் பரவ இதைவிட எளிய வழி இல்லை. மண்டையில் மட்டும் போட்டு விரல்நுனிகளால் அமுக்கித் தேயுங்கள், நகம் வேண்டாம். ஷாம்பு என்ற சொல்லே இந்தியில் 'அமுக்கு, பிடித்துவிடு' என்று பொருள்படும் 'சாம்ப்போ' என்பதிலிருந்து இங்கிலாந்துக்குப் போனது. அங்கே பிரைட்டன் கடற்கரையில் குளியல் நிலையம் வைத்து அதைப் பிரபலமாக்கியவர் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது. நுரை என்ற அர்த்தமெல்லாம் பின்னால் சேர்ந்தது. நீளமுடியைத் துணி துவைப்பது மாதிரி இரண்டு கைக்கு நடுவே கசக்க வேண்டாம். அலசும்போது வழிகிற நுரையே அதற்குப் போதும்.

அலசியபின் முடியை ஒன்றாகச் சேர்த்துத் தண்ணீரைப் பிழிந்துவிடுங்கள். சொட்டச் சொட்டக் கண்டிஷனர் போட்டால் பாதி தரைக்குப் போகும். காது மட்டத்துக்குக் கீழே மட்டும் தடவுங்கள். வேரில் பட்டால் மறுநாளே பிசுபிசுக்கும். இப்போது விரல்களை முடிக்குள் விட்டுக் கோதுங்கள். சரியான கண்டிஷனர் என்றால் இந்த இடத்தில் கைக்கே தெரியும். ஊறவைத்த சப்ஜா விதையைத் தொட்ட மாதிரி ஒரு வழுக்கல், விரல் தடையில்லாமல் நுனிவரை போய்விடும். போகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கோதிப் பாருங்கள், அப்போதும் சிக்கினால் அந்தக் கண்டிஷனர் உங்கள் முடிக்குக் காணாது. மூன்று நிமிடம் போதும். அரைமணி நேரம் ஊறினால் பத்து மடங்கு பலன் கிடைக்கும் என்பதெல்லாம் இல்லை, சளிதான் பிடிக்கும். அப்புறம் தலையை முன்னால் குனிந்து அலசுங்கள். முதுகில் வழிந்தால் பருக்கள் வரும். வழிந்துவிட்டால் முதுகுக்குக் கடைசியாக சோப்பு போட்டுக்கொள்ளுங்கள். எடுத்துவைத்த நல்ல தண்ணீரில் கடைசி இரண்டு மக்.

இனிதான் நம்மில் பலர் மொத்த உழைப்பையும் வீணாக்குகிறோம். தடித்த டர்க்கித் துண்டை எடுத்துத் தலையைப் பரபரவென்று தேய்ப்பது, அப்புறம் வாசலில் நின்று முடியை முன்னால் போட்டுத் துண்டால் 'சடார் சடார்' என்று தட்டுவது. பாட்டி தட்டும்போது பார்க்க அழகாக இருக்கும், தண்ணீரும் தெறிக்கும். ஆனால் ஈரமுடி காய்ந்த முடியைவிடப் பலவீனமானது, அதை அடித்தால் ஓடு பெயரத்தான் செய்யும். ஈரிழைத் துண்டோ பழைய வேட்டித் துணியோ எடுத்து முடியைச் சுற்றி, ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு எதுவுமில்லை. என் தலையில் எந்தப் பாட்டிலும் செய்யாத வித்தியாசத்தை இது செய்தது.

பிறகு மின்விசிறிக்குக் கீழே காயவிடுங்கள். பாதி காய்ந்ததும் கை போகும், போகவிடாதீர்கள். முழுக்கக் காய்வதற்குள் தொட்டால் பரட்டை தொடங்குவது அங்கேதான். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஈரத்தோடு இறுக்கிப் பின்னிக்கொண்டு ஓடுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்துவிடுவது நல்லது.

எண்ணெய் கூடாதா என்று கேட்பீர்கள். குளிப்பதற்கு முன் வைப்பது நல்லதே. தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்று 2003-ல் வெளியான ஒரு இந்திய ஆய்வு காட்டியது. ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆனால் பரிசோதனை நடக்கிற மாதத்தில் எண்ணெயின் அளவை மாற்றாதீர்கள். ஒரு வாரம் வைத்து ஒரு வாரம் வைக்காமல் இருந்தால் கணக்கு குழம்பிவிடும்.

பாதித் தலைச் சோதனை

ஷாம்பு நிறுவனங்களின் சோதனைக்கூடங்களிலேயே செய்கிற முறை இது, வீட்டிலும் சுலபம். ஷாம்பு தலை முழுக்க ஒன்றே. நடுவகிடு எடுத்து, வலப்பக்கம் ஒரு கண்டிஷனர், இடப்பக்கம் இன்னொன்று. அதே தண்ணீர், அதே துண்டு, அதே காற்று. எந்தப் பக்கம் எது என்று மறக்காமல் எழுதிவையுங்கள், மறந்துவிடும். காய்ந்ததும் ஒரு படம், மாலை வெளியே போய்வந்ததும் ஒரு படம். அடுத்த முறை பக்கத்தை மாற்றுங்கள். ஒரு பக்கமாகவே படுத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் அந்தப் பக்கம் எப்படியும் கசங்கும், அதற்காகத்தான்.

தீர்ப்பை நீங்களே சொல்லாதீர்கள். உங்கள் மூக்கு ஏற்கெனவே ஒரு கட்சியில் சேர்ந்திருக்கும். நான் வலப்பக்கம் செர்ரி வாசனைக் கண்டிஷனரும் இடப்பக்கம் மருந்துக்கடை வாசனை அடிக்கும் ஒன்றும் போட்டுக்கொண்டு, எதுவும் சொல்லாமல் அம்மா முன்னால் போய் உட்கார்ந்தேன். அம்மா இரண்டு பக்கமும் கையை விட்டுக் கோதிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் பட்டு மாதிரி இருக்கு. அந்தப் பக்கத்துக்கு என்னடி ஆச்சு?" என்றாள். பட்டு மாதிரி இருந்தது மருந்துக்கடை. பக்கத்தை மாற்றிப் போட்டு அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்தேன். மறுபடியும் மருந்துக்கடைதான்.

வருத்தமாகத்தான் இருந்தது. இப்போது நான் செய்வது, மருந்துக்கடையைக் காதுக்குக் கீழே வழக்கம்போல் போட்டு அலசிவிட்டு, செர்ரியில் கடலையளவு எடுத்துக் கடைசி நாலு விரல் நுனிமுடியில் மட்டும் தடவி அலசுவது. படிவது மேலே நடக்கிறது, மணம் நுனியில் இருக்கிறது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டால் எனக்கு மட்டும் வரும் மணம் அது.

ஒரு மாதம், மூன்று நான்கு வகை மாற்றிப் பார்த்தும் எதுவுமே கேட்கவில்லை என்றால், அல்லது பரட்டையோடு கொத்துக் கொத்தாகக் கொட்டவும் செய்தால், கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டும் இரும்புச்சத்துக் குறைவும் முடியில் தெரியும். அழகு நிலையத்தில் 'ஒரே நாளில் நேராக்கிவிடலாம்' என்று கெரட்டின் சிகிச்சைக்குக் கூப்பிட்டால், போடப்போகும் சரக்கில் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாத ஃபார்மால்டிஹைடு உண்டா, சூடு காட்டும்போது அது வெளியாகுமா என்று கேளுங்கள். நான் கேட்டபோது அங்கிருந்த அக்காவுக்குத் தெரியவில்லை, எழுந்து வந்துவிட்டேன்.

சோதனையில் தோற்றவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஷாம்புவில் சீப்பு ஊறவைக்கலாம், அதைத் தண்ணீரில் கலந்து, ஓரத்தில் சோதித்துவிட்டு, பட்டுப் புடவையில் பட்ட சின்னக் கறையைத் துடைக்கலாம். கண்டிஷனர் கால் முடி மழிக்க நன்றாக இருக்கும். என் பச்சை ஆப்பிள் பாட்டில் இன்னும் கால்வாசி இருக்கிறது. தலையணை உறைகளை அதில்தான் ஊறவைக்கிறேன்.